சிங்கப்பூரில் குடும்பத்தோடு தங்க ஹோட்டல் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், ஊரிலிருந்து கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். "டிக்கெட் போட்டாச்சு, எங்கே தங்குறது?" என்பதில் தொடங்கி அறையில் சாம்பிராணி போடலாமா என்பது வரை. அப்படி வந்த கேள்விகளையும், சிங்கப்பூரில் குடியிருப்பவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். தனியாகவோ தம்பதியாகவோ வருபவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வருபவர்களுக்காக எழுதியது. விலையை வெள்ளி என்றே சொல்லியிருக்கிறேன், சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

ஃபேமிலி ரூம், ஜூனியர் ஸ்வீட், ஒன் பெட்ரூம் ஸ்வீட் என்று ஏகப்பட்ட பெயர் போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

பெயரை விடுங்கள், கதவு இருக்கிறதா என்று பாருங்கள். ஜூனியர் ஸ்வீட் என்று விற்பது பெரும்பாலும் ஒரே பெரிய அறைதான். ஒரு மூலையில் சோஃபா, நடுவில் டிவி மாட்டிய ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். பிள்ளை எட்டு மணிக்குத் தூங்கிவிட்டால் பெரியவர்களும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒன் பெட்ரூம் ஸ்வீட்டில் படுக்கையறைக்கும் ஹாலுக்கும் நடுவில் அநேகமாகக் கதவு இருக்கும், ஹாலில் கிடக்கும் சோஃபா இரவில் கட்டிலாக விரியும். ஃபேமிலி ரூம் என்பது ஒரே அறைதான், ஆனால் நாலு பேருக்குப் படுக்கை போட்டிருப்பார்கள்: இரண்டு குவீன் கட்டில், அல்லது ஒரு பெரிய கட்டிலும் பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டிலும்.

பகலெல்லாம் சுற்றிவிட்டு இரவு பத்து மணிக்கு நாலு பேரும் ஒன்றாகச் சாயப் போகிறீர்கள் என்றால் ஃபேமிலி ரூமே தாராளம். ஸ்வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைகளை இன்னொரு இடத்துக்குக் கூட்டிப் போகலாம். மதியம் தூங்கும் கைக்குழந்தை, அல்லது ஓய்வெடுக்க வேண்டிய பாட்டி தாத்தா இருந்தால்தான் கதவுள்ள ஸ்வீட்டுக்குக் கொடுக்கும் காசு பெறும்.

பெயருக்குப் பதிலாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று பரப்பளவு. சதுர மீட்டரில் போட்டிருப்பார்கள், ஏறக்குறைய 11-ஆல் பெருக்கினால் சதுர அடி. 18 சதுர மீட்டர் என்றால் 200 சதுர அடிகூட இல்லை, அதில் குளியலறையும் அடக்கம். இரண்டு பெரிய பெட்டியைத் திறந்து வைத்துவிட்டால் நடக்க இடமிருக்காது. நாலு பேருக்கு 28, 30 சதுர மீட்டராவது பாருங்கள்.

நாங்கள் கணவன் மனைவி, 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சாதாரண டபுள் ரூமில் சமாளிக்க முடியாதா?

ஒரு பிள்ளை என்றால் பல இடங்களில் விடுவார்கள். இரண்டு பிள்ளை என்றால் ஹோட்டலைப் பொறுத்தது. ஒவ்வொரு அறைக்கும் இத்தனை பேர் என்று ஒரு உச்ச எண்ணிக்கை வைத்திருப்பார்கள், அதில் பிள்ளைகளும் சேர்த்தி. ஊரில் மாதிரி "சின்னப் பசங்கதானே சார், கீழே படுத்துக்குவாங்க" என்ற பேச்சு முன்மேசையில் எடுபடாது.

புக் பண்ணும்போது பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள். குறைவாகக் காட்டலாம் என்று இரண்டு பெரியவர் மட்டும் போட்டு எடுத்துவிட்டு நாலு பேராகப் போய் நின்றால், கூடுதல் கட்டிலுக்கு ஒவ்வொரு இரவுக்கும் பணம் கேட்பார்கள், அல்லது பெரிய அறைக்கு மாறச் சொல்வார்கள், அந்த நேரத்தில் அந்தப் பெரிய அறை காலியாக இருக்க வேண்டுமே. வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். சில ஹோட்டலில் 12 வயது முடிந்தால் பெரியவர் கணக்கு, சில இடத்தில் 6 வயதுக்குமேல் காலை உணவுக்குக் காசு. "இருக்கும் கட்டிலையே பகிர்ந்துகொண்டால் குழந்தைக்கு இலவசம்" என்று போட்டிருந்தால், அதற்கு அர்த்தம் தனிக் கட்டில் தரமாட்டோம் என்பதுதான்.

ட்வின் ரூம் எடுத்து இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: சில அறைகளில் கட்டிலைத் தரையோடு பொருத்தியிருப்பார்கள், நகராது. கட்டிலின் அளவைக் கேளுங்கள். இங்கே சூப்பர் சிங்கிள் என்று ஒரு அளவு உண்டு, 107 சென்டிமீட்டர் அகலம். ஒரு பெரியவரும் ஒரு சின்னப் பிள்ளையும் படுக்கலாம். வெறும் சிங்கிள் என்றால் 91தான், அதில் முடியாது.

அப்பா அம்மாவும் வருகிறார்கள், மொத்தம் ஆறு பேர். பெரிய ஸ்வீட்டா, இரண்டு அறையா?

இரண்டு அறை. யோசிக்கவே வேண்டாம். இரண்டு படுக்கையறை ஸ்வீட் ஹோட்டல்களில் குறைவு, இருந்தாலும் விலை எங்கேயோ நிற்கும். ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் காலையில் கிளம்புவதற்குள் பதினொரு மணி ஆகிவிடும், இரண்டு அறை என்றால் இரண்டு குளியலறை, இரண்டு டிவி, அப்பாவின் குறட்டை அந்தப் பக்கம்.

ஆனால் கேட்க வேண்டியது உள்ளே கதவு வைத்து இணைத்த அறைகள். பக்கத்து அறை என்பது வேறு, இணைப்பறை என்பது வேறு. பக்கத்து அறை என்றால் ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் நீங்கள் தாழ்வாரத்துக்கு வந்து, கதவைத் தட்டி, அவர்கள் எழுந்து வந்து திறக்க வேண்டும். இணைப்பறை என்றால் நடுக்கதவைத் திறந்தே வைத்துவிடலாம், பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெரிய ஹோட்டல்களில் இது பரவலாக உண்டு, கடைவீட்டை (கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கட்டடம்) மாற்றிக் கட்டிய சின்ன ஹோட்டல்களில் எதிர்பார்க்காதீர்கள்.

இணைப்பறை கேட்டால் "காலியாக இருந்தால் தருகிறோம்" என்கிறார்களே, எப்படி உறுதி செய்வது?

அந்தப் பதில் வாக்குறுதியே இல்லை. மூன்றாவது ஆளின் புக்கிங் தளத்தில் குறிப்புப் பெட்டியில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். ஹோட்டலின் சொந்தத் தளத்திலோ மின்னஞ்சலிலோ நேரடியாகக் கேளுங்கள், இணைப்பறையை ஒரே தொகுப்பாக விற்கும் ஹோட்டல்களும் உண்டு. இரண்டு புக்கிங் எண்களையும் ஒரே கடிதத்தில் போட்டு, இரண்டும் ஒரே குடும்பம், ஒரு அறையில் 70 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள், நடுக்கதவுள்ள இரண்டு அறைகளை இப்போதே ஒதுக்கி எழுத்தில் உறுதி சொல்லுங்கள் என்று தெளிவாக எழுதுங்கள். வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன். போய் இறங்கியதும் பதிலை எடுத்துக் காட்டுங்கள். சலுகை விலையில் எடுத்த ஒரு அறையும், வேறு ஒரு தளத்தில் எடுத்த வேறு வகை அறையும் என்றால் இணைப்பது கஷ்டம், இரண்டையும் ஒரே இடத்தில் எடுங்கள்.

எந்தப் பகுதியில் தங்கினால் வசதி?

தமிழ்க் குடும்பம், சைவச் சாப்பாடு, கூட வயதானவர்கள் என்றால் என் பதில் தேக்காவும் அதை ஒட்டிய ஃபேரர் பார்க்கும்தான். லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் இருப்பதுதான் தேக்கா. சிராங்கூன் சாலையில் காலையில் இறங்கினால் 1947-இலிருந்து இருக்கும் கோமள விலாஸ், ஆனந்த பவன், எதிரில் தேக்கா நிலையத்தின் உணவங்காடி, நடந்தே போகும் தூரத்தில் வீரமாகாளியம்மன் கோயில், சீனிவாசப் பெருமாள் கோயில். மருந்து, தயிர், பேட்டரி என்று எது மறந்தாலும் சையத் ஆல்வி சாலை முஸ்தஃபாவில் நள்ளிரவுக்கு மேலும் வாங்கலாம்.

ரயில் வசதியும் சாப்பாட்டுக்குச் சளைத்ததில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு தடங்கள் சந்திக்கின்றன. ஊதா நிறத் தடத்தில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட், அதாவது செந்தோசா தீவின் வாசல். நீலத் தடத்தில் ஏறினால் மாறாமல் பேஃபிரண்ட், அங்கே இறங்கினால் கரையோரப் பூந்தோட்டம் (கார்டன்ஸ் பை த பே). பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ரயில் மாறுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிறு மாலை தேக்காவில் கூட்டம் அலைமோதும். வேலைக்கு வந்திருக்கும் நம் ஊர், பங்களாதேஷ் தொழிலாளர்கள் வாரம் ஒருநாள் வெளியே வரும் நாள் அது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தள்ளுவண்டிக் குழந்தையோடு நடைபாதையில் போவது சிரமம். அன்று மாலை வேறு எங்காவது போகிற மாதிரி திட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

அறை கிடைக்கவில்லை என்றால் அடுத்து லாவண்டர், பூகிஸ். லாவண்டர் ரயில் நிலையத்தை ஒட்டியே வி ஹோட்டல் இருக்கிறது, கொஞ்ச தூரத்தில் ஹோட்டல் பாஸ், ஆயிரத்துக்கும் மேல் அறைகள் உள்ள பெரிய கட்டடம். இரண்டும் சிக்கன வகைதான், அறை சின்னதாகத்தான் இருக்கும், காலையில் மின்தூக்கிக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். ஆர்ச்சர்ட் பக்கம் விலை அதிகம், அறைகள் பெரிது. ஆரஞ்சு குரோவ் சாலை ஷங்கிரிலாவில் பிள்ளைகளுக்கென்றே அலங்கரித்த ஸ்வீட்டுகளும் விளையாட்டுக் கூடமும் உண்டு, பார்க்க ஆசையாக இருக்கும், விலையைப் பார்த்துவிட்டு அப்புறம் பிள்ளைகளிடம் படத்தைக் காட்டுங்கள்.

கேலாங்கில் பாதி விலைக்கு அறை கிடைக்கிறதே?

கிடைக்கும். சிவப்பு விளக்குப் பகுதி அங்கேதான், குறிப்பாக லோரோங் எனப்படும் சந்துகளில் இரட்டை எண் உள்ளவற்றில். மணிக்கணக்கில் அறை விடும் ஹோட்டல்களும் அந்தப் பக்கம் நிறைய. ஆபத்து என்று சொல்லமாட்டேன், சாப்பாட்டுக்குப் பேர்போன இடமும்கூட. ஆனால் இரவில் பிள்ளைகளோடு அந்தச் சந்துக்குள் நடந்து வருவதற்கு நீங்கள் தயாரா என்று பாருங்கள். எந்த ஊர் ஹோட்டலானாலும் சில மணி நேரக் கட்டணம் என்று பலகை இருந்தால் குடும்பத்துக்கு அது வேண்டாம்.

செந்தோசாவிலேயே தங்கிவிடலாமா?

ஒன்றிரண்டு இரவு தங்கலாம், முழுப் பயணத்துக்கும் வேண்டாம். யூனிவர்சல் ஸ்டூடியோஸ், கடற்கரை என்று மட்டும் வருபவர்களுக்குச் சரி. அங்கே வில்லேஜ் ஹோட்டலில் அடுக்குக் கட்டிலோடு குடும்ப அறை உண்டு, பிள்ளைகளுக்கெனத் தனிக் குளமும் இருக்கிறது. ஆனால் இட்லி வேண்டும் என்றால் தீவை விட்டு வெளியே வர வேண்டும். உள்ளூர்க்காரர்களே வார இறுதியிலும் ஜூன் விடுமுறையிலும் அங்கே போய்த் தங்குவதால் அந்த நாட்களில் விலை ஏறும். மூன்று இரவு தேக்கா, கடைசி இரவு செந்தோசா என்று பிரித்தால் பெட்டி கட்டும் வேலை இரண்டு தடவை, அதையும் கணக்கில் வையுங்கள்.

மலிவான அறையில் "ஜன்னல் இல்லை" என்று போட்டிருக்கிறது. நிஜமாகவே இல்லையா?

நிஜமாகவே இல்லை. பழைய கடைவீடுகள் நீளமாக உள்ளே போகும், முன்னாலும் பின்னாலும்தான் வெளிச்சம். அதை ஹோட்டலாக மாற்றும்போது நடுவில் விழும் அறைகளுக்கு ஜன்னல் வைக்க வழியில்லை. சில இடங்களில் திரைச்சீலை மட்டும் அழகாகத் தொங்கும், விலக்கினால் சுவர்! இன்னும் சில இடங்களில் ஜன்னல் உண்டு, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்களும் ஏசி யந்திரமும்.

தனியாள் இரண்டு இரவு தூங்க வந்தால் பிரச்சினை இல்லை. குழந்தையோடு வேண்டாம். விடிந்ததா இல்லையா என்றே தெரியாது, ஏற்கெனவே நம் ஊருக்கும் இங்கேக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், தூக்கம் மொத்தமும் கலைந்துவிடும். துணி காயாது, நீச்சல் உடையெல்லாம் அறைக்குள் வாடை பிடிக்கும். அறை வகையின் பெயரிலேயே ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் படங்களைக் கவனியுங்கள். எந்தப் படத்திலும் பகல் வெளிச்சம் இல்லை என்றால் கேட்டு எழுதிவிடுங்கள்.

குளியலறையில் என்ன பார்க்க வேண்டும்?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை, வந்தபிறகுதான் போன் பண்ணுவார்கள். புதுப்பாணி அறைகளில் குளியலறைச் சுவரே கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்தால் உள்ளே குளிப்பவர் தெரிவார். மாமியார் மாமனாரோடு ஒரே அறையில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். சிலவற்றில் உள்பக்கம் திரை இருக்கும், சிலவற்றில் பால் மாதிரி மங்கலாக்கிய கண்ணாடி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. படத்தில் கண்ணாடி தெரிந்தால் திரை உண்டா என்று கேளுங்கள்.

இரண்டாவது, கழிப்பறையில் தண்ணீர்க் குழாய். கைத்தெளிப்பான் பல ஹோட்டல்களில் வைத்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. காகிதம் மட்டும்தான் என்றால் நம்மவர்களுக்குப் பெரிய பாடு. மூன்றாவது, குளியல் தொட்டி. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மூட்டுவலிக்காரர்களுக்கு ஆபத்து: ஈரக் காலோடு அந்த உயரத்தைத் தாண்டி இறங்க வேண்டும். பெரியவர்களின் அறைக்குத் தொட்டி இல்லாத, தரையோடு இருக்கும் ஷவர் கேளுங்கள். இரண்டு அறை எடுப்பவர்கள் ஒன்றை அப்படியும் ஒன்றை இப்படியும் கேட்கலாம்.

சமைக்கும் வசதியோடு சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்தால்?

ஒரு வாரத்துக்குமேல் தங்குகிறீர்கள் என்றால் குடும்பத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. தனிப் படுக்கையறை, மின்னடுப்பு, குளிர்பெட்டி, பல இடங்களில் துணி துவைக்கும் யந்திரம்கூட இருக்கும். இரண்டு படுக்கையறை வீட்டில் ஆறு பேர் தாராளமாக இருக்கலாம். அஸ்காட் நிறுவனத்தின் சாமர்செட், சிட்டாடீன்ஸ் போன்றவை இந்த ரகம்.

ஆனால் ஒன்று: சர்வீஸ் அபார்ட்மெண்ட் என்று அனுமதி பெற்ற இடங்களில் குறைந்தது 7 நாள் தங்க வேண்டும் என்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி. தேடும்போது நாலு இரவு போட்டால் அவை காட்டாமலே போவதற்கு அதுதான் காரணம். பெயர் அதே மாதிரி இருந்தாலும் ஹோட்டல் உரிமம் வாங்கியிருக்கும் இடங்கள் ஒரு இரவுக்கும் தரும். நாலைந்து நாள்காரர்கள் அவற்றில் தேடுங்கள்.

அடுப்பு இருக்கிறது என்று வடை சுடக் கிளம்பிவிடாதீர்கள். புகை உணர்கருவி கத்தும். சோறு, ரசம், பால் காய்ச்சுவது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஹோட்டல் அறையில் கையில் கொண்டுவந்த குக்கரை வைப்பதற்கு அநேகமாக எங்குமே அனுமதி இல்லை.

அறையில் விளக்கு, கற்பூரம், சாம்பிராணி?

வேண்டாம். அதே உணர்கருவிதான். தேக்காவில் கோயிலுக்கா பஞ்சம்?

வாட்ஸாப் குழுவில் "தமிழ்க் குடும்பம், தனி அறை, சமையல் செய்யலாம், ஒரு இரவு 80 வெள்ளி" என்று வந்தது. எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் குடியிருப்பு வீட்டைச் சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விடுவது சட்டவிரோதம். தனியார் அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது தொடர்ந்து 3 மாதம் விட வேண்டும். வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) என்றால் 6 மாதம், அதிலும் சுற்றுலா விசாவில் வந்தவருக்கு வாடகைக்கு விடவே கூடாது. மாட்டிக்கொண்டால் வீட்டுக்காரருக்குப் பெரிய அபராதம், உங்களுக்கு நடு ராத்திரியில் பெட்டியோடு தெருவில் நிற்கும் நிலை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் கூட்டமும் இதில்தான் இருக்கிறது. சட்டப்படி இல்லாத ஒன்றுக்குப் பணம் போனால் யாரிடம் போய்ப் புகார் சொல்வது? சொந்தக்காரர் வீட்டில் சும்மா தங்குவது வேறு, அதற்கு ஒரு தடையும் இல்லை.

தளத்தில் 200 வெள்ளி என்று பார்த்தேன், கடைசியில் 240 கேட்கிறது. ஏமாற்றா?

ஏமாற்று இல்லை, அந்த இரண்டு கூட்டல் குறிகள். விலைக்குப் பக்கத்தில் ++ என்று இருந்தால் முதலில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அப்புறம் அந்த மொத்தத்தின்மீது 9 சதவீத ஜிஎஸ்டி. 200 வெள்ளி 220 ஆகி, பிறகு 239.80 ஆகும். நாலு இரவுக்கு ஏறக்குறைய 160 வெள்ளி கூடுதல், கிட்டத்தட்ட இன்னொரு இரவின் காசு. இரண்டு தளங்களில் விலை ஒப்பிடும்போது கடைசிப் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பாருங்கள், முதல் பக்க விலையை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எந்த மாதங்களில் விலை எகிறும்?

ஃபார்முலா ஒன் இரவுப் பந்தயம் நடக்கும் வாரம், செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் வரும். அந்த வாரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்து டிசம்பர் கடைசி. பெரிய பாட்டுக் கச்சேரி வந்தாலும் அதே கதை, 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் வந்தபோது ஹோட்டல் விலை எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். தேதி முடிவு செய்வதற்கு முன் அந்த வாரத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. தேக்காவில் தங்க நினைப்பவர்களுக்கு மட்டும்: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தெருவெல்லாம் விளக்கு, பிள்ளைகளுக்குக் காணக் கண் கொள்ளாது, சத்தமும் நெரிசலும் அதே அளவுக்கு இருக்கும்.

விமானம் காலை 6 மணிக்கே வந்துவிடும். அறை 3 மணிக்குத்தான் என்கிறார்கள். என்ன செய்வது?

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ராத்திரி விமானத்தில் வருகிற எல்லோருக்கும் இதே பிரச்சினை. மூன்று வழி உண்டு. பெரியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால், முந்தைய இரவிலிருந்தே அறையை எடுத்துவிட்டு "விடியற்காலைதான் வருவோம், அறையை ரத்து செய்யாதீர்கள்" என்று எழுதிவிடுங்கள். செலவுதான், ஆனால் முதல் நாள் முழுக்கச் சுருண்டு கிடப்பதற்கு இது தேவலை. இரண்டு அறை எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் அப்படி எடுத்தால் போதும்.

இரண்டாவது வழி, சில ஹோட்டல்கள் பாதிநாள் கட்டணத்தில் காலையிலேயே தரும், முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். மூன்றாவது, பெட்டிகளை ஹோட்டலில் இறக்கிவைத்துவிட்டு வெளியே போவது. பெட்டியை வைத்துக்கொள்ள ஹோட்டல்கள் பொதுவாகப் பணம் வாங்குவதில்லை. பிள்ளைகள் தெம்பாக இருந்தால் விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவியைப் பார்த்துவிட்டு மெதுவாக ஊருக்குள் வரலாம். மாற்றுத் துணியும் பல் துலக்கும் சாமானும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியை வரவேற்பறையில் திறந்து துணி தேடுவது பார்க்க நன்றாக இருக்காது.

காலை உணவு சேர்த்து எடுக்கலாமா?

தேக்காவில் தங்கினால் வேண்டாம். வேறு இடத்தில், சின்னப் பிள்ளைகளோடு என்றால் எடுக்கலாம். சைவர்களுக்கு பெரும்பாலும் ரொட்டி, பழம், தானியம், பால் என்பதோடு முடிந்துவிடும், அதற்குத் தலைக்கு 25, 30 வெள்ளி கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முன்பணம், கார்டு விஷயம்?

உள்ளே நுழையும்போது திருப்பித் தரும் வைப்புத்தொகை என்று ஒன்று கேட்பார்கள், சில இடங்களில் ஒரு இரவுக்கு 50, 100 வெள்ளி என்ற கணக்கில். கிரெடிட் கார்டு என்றால் அந்தத் தொகையை நிறுத்தி மட்டும் வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் நிஜப் பணமே முடங்கிவிடும், திரும்பி வர நாளாகும். கிளம்புவதற்கு முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கிவிடுங்கள், இந்திய கார்டுகளில் அது தானாக இயங்காது. "ரூபாயில் கழிக்கவா, வெள்ளியில் கழிக்கவா" என்று யந்திரம் கேட்டால் வெள்ளி என்று சொல்லுங்கள், ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் நஷ்டம்.

விசா வருவதற்கு முன்னால் புக் பண்ணலாமா?

பண்ணலாம், இலவச ரத்து உள்ள விலையில் மட்டும். ரத்து செய்யும் கடைசி நேரம் அநேகமாக சிங்கப்பூர் நேரப்படி இருக்கும். விசா வந்தபிறகு, வருவதற்கு மூன்று நாளுக்குள் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், தங்கும் முகவரியும் அதில் கேட்பார்கள். அது முற்றிலும் இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

கைக்குழந்தைக்கு?

தொட்டில் கட்டில் பெரும்பாலான ஹோட்டல்களில் இலவசம், ஆனால் எண்ணிக்கை குறைவு, முன்பே சொல்லி வையுங்கள். தண்ணீர் காய்ச்சும் மின்கெண்டி அநேகமாக எல்லா அறையிலும் இருக்கும். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பால் கலக்கக் காய்ச்சிக்கொள்ளுங்கள், பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டாம்.

வண்டி விஷயத்தில் ஒரு சங்கதி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். டாக்சிக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, கிராப் போன்ற தனியார் வாடகை கார்களுக்குக் கிடையாது. சாதாரண கிராப் கார் வந்து, பிள்ளையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுத்தால் அவர்மேல் கோபப்படாதீர்கள். செயலியில் குழந்தை இருக்கையோடு வரும் வகையைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்சியைக் கூப்பிடுங்கள். டாக்சியில் நாலு பேர்தான், ஆறு பேர் என்றால் பெரிய வண்டி கேட்க வேண்டும். ரயிலில் 0.9 மீட்டருக்குக் குறைவான குழந்தைக்குக் கட்டணமே இல்லை.

விமர்சனங்களை எப்படிப் படிப்பது?

மொத்த நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள். தனியாக வந்த வியாபாரி "அருமை" என்று எழுதியது உங்களுக்கு உதவாது. குடும்பம் என்று வடிகட்டி, கடைசி ஆறு மாதத்தில் எழுதியதை மட்டும் படியுங்கள். மின்தூக்கி, ஈர வாடை, மூட்டைப்பூச்சி, சுவர் வழியாகச் சத்தம், பக்கத்தில் கட்டட வேலை என்ற ஐந்தில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். பயணிகள் எடுத்துப் போட்ட படங்களில் பெட்டி திறந்து கிடக்கும் படத்தைத் தேடுங்கள், அறையின் உண்மையான அளவு அதில்தான் தெரியும்.

ஊருக்கு விமானம் ராத்திரி. அறையை மதியமே காலி பண்ணச் சொல்கிறார்களே?

11 அல்லது 12 மணிக்குள் காலி பண்ண வேண்டும். பெட்டிகளை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போய் வாருங்கள். நீச்சல் குளம் உள்ள ஹோட்டலில் அதன் பக்கத்துக் குளியலறையைப் பயன்படுத்தி, குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்ப அநேகமாக விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு அறை எடுத்தவர்கள் ஒன்றைக் காலி பண்ணிவிட்டு மற்றதை மட்டும் மாலை ஆறு வரை நீட்டிக்கச் சொல்லுங்கள், பாதிநாள் கட்டணத்தில் ஆறு பேரும் படுத்து எழுந்து கிளம்பலாம். டூரியன் பழத்தை மட்டும் அறைக்குள் கொண்டுவராதீர்கள், அந்த வாடைக்கு அபராதம் போடும் ஹோட்டல்கள் உண்டு. ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தால் விமானத்திலும் விடமாட்டார்கள்.